கால் திருப்பு கூடினால் கரகரப்பு

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. நாங்கள் நலம், நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை; எழுதிவிட்டேன். இனி வரும் வரிகளில் நலம் சற்றுக் குறைவு என்பதால் உட்கார்ந்து படிக்கவும்.

போன மாதம் வந்திருந்தபோது, "ரிட்டையர் ஆகி சும்மாதானே இருக்கீங்க அத்தான்" என்று என் கார் டிக்கியில் ஓர் ஆம்ப்ளிஃபயரையும், பெட்டிபடுக்கை வைக்க இடமில்லாதபடி, பாட்டின் அடிநாதத்தை அதிர வைக்கும் ஒரு பேஸ் பெட்டியையும் பூட்டிவிட்டுப் போனாய். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். நீ ஊதவில்லை, ஊதச் சொல்லி என் கையில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாய். போகும்போது கெயின் என்ற திருகைக் காட்டி, "இதை மட்டும் தொடாதீங்க" என்றாய். குடிநீர் நிலையத்தில் ஆயுசு முழுவதும் வால்வு திருப்பியவனிடம் ஒரு திருகைக் காட்டித் தொடாதே என்றால் கை சும்மா இருக்குமா? வால்வைப் பாதி திறந்தால் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது. இது நான் கண்ட உண்மை. ஆகவே கெயினை முழுசாகத் திறந்தேன். பக்கத்தில் பேஸ் பூஸ்ட் என்று ஒன்று பாவமாக மூடிக் கிடந்தது, அதையும் விட்டுவைக்கவில்லை.

பாட்டு கடைசித் தெரு வரைக்கும் போனது, அதில் குறையில்லை. நம்பர் பிளேட் தனியாகத் தாளம் போட்டது, கண்ணாடியில் பின்னால் வரும் ஒரு லாரி மூன்று லாரியாகத் தெரிந்தது, தெருமுனை சலூன்காரர் என் கார் வரும் சத்தம் கேட்டால் வாடிக்கையாளர் கன்னத்திலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு நான் கடந்து போகும் வரை நிற்க ஆரம்பித்தார். அவருக்கு என் மேல் அவ்வளவு மரியாதை என்றுதான் முதலில் நினைத்தேன். உன் அக்காதான், "பாடறவருக்கு ஜலதோஷமா? தொண்டை இப்படிக் கரகரங்குது" என்று கேட்டாள். மறுநாள் பாதி வழியில் இறங்கிக்கொண்டாள். அதற்கு மறுநாளிலிருந்து மருந்துக்கடை வேலைக்குப் பஸ்ஸில் போகிறாள். தலைவலி மாத்திரை விற்கிற இடத்துக்குத் தலைவலியோடு போக முடியாதாம்.

மச்சான், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலையில் அவளைக் கொண்டுபோய் விடும் அந்த நேரம்தான் அவள் பேச, நான் 'ம்' போடும் நேரம். வீட்டில் அவளுக்கு ஆயிரம் வேலை. முன் சீட் காலியாக இருக்க, அவள் போகும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒருநாள் காரில் போனேன். போட வேண்டிய 'ம்' எல்லாம் பாக்கி நின்றது.

அதனால்தான் மானத்தை விட்டு உனக்குப் போன் செய்தேன். "கெயின் வால்யூம் இல்லை அத்தான். முன்னாடி இருக்கற ஸ்டீரியோவையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒத்துப்போக வைக்கிற திருகு அது. பேஸ் பூஸ்டை மூடுங்க. கெயினை அடியோட குறைச்சிட்டு, ஸ்டீரியோவுல வால்யூமை முக்கால்வாசி வச்சு, அப்புறம் கெயினைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. குரல் உடையற இடம் வந்தா கொஞ்சம் இறக்கிடுங்க. நல்ல பேஸ் இருக்கறதே தெரியக் கூடாது" என்றாய். சொல்வது சுலபம். திருகு டிக்கியில், குரல் உடைவது முன்னால். கெஞ்சிக் கூத்தாடி உன் அக்காவை முன் சீட்டில் உட்கார வைத்து, பின்னால் நின்று திருப்பித் திருப்பி, "இப்போ?" என்றேன். "தகரத்தை இழுக்கறாங்க" என்றாள். "இப்போ?" "இழுத்துக்கிட்டே ஓடறாங்க." இப்படியே ஒரு வாரம் போனது.

இதற்கு நடுவில் செவ்வாய்க்கிழமை ஹாரன் சரியில்லை என்று அவளே காரை எலக்ட்ரீஷியனிடம் விட்டு எடுத்து வந்தாள். என் கவனமெல்லாம் திருகில் இருந்ததால் ஹாரனை நான் கவனிக்கவில்லை. புதன்கிழமை காலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கெயினைக் கால் திருப்பு, ஒரே ஒரு கால் திருப்பு, இடப்பக்கம் திருப்பினேன் பார். "இப்போ?" என்றேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இதுதான் சரி" என்றாள். அன்றைக்குப் பஸ்ஸைத் தேடவில்லை, காரிலேயே வந்தாள், வழியெல்லாம் பேசினாள், நானும் பாக்கி இருந்த 'ம்' எல்லாவற்றையும் போட்டுத் தீர்த்தேன். இப்போதெல்லாம் தினமும் கிளம்பும் முன் டிக்கியைத் திறந்து அன்றைய பாட்டுக்கு ஏற்றபடி ஒரு மயிரிழை திருப்பிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். பேஸ் இருப்பதே தெரியவில்லை. நீ சொன்ன நல்ல பேஸ் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே உன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. ஆனால் அடுத்த முறை வரும்போது அந்தத் திருகுகளை நீ தொடக் கூடாது. எதிர்வீட்டுக்காரர் தன் காரிலும் ஆம்ப்ளிஃபயர் வைத்துவிட்டு அவதிப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து சரிசெய்து தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். தொழில் தெரிந்தவன் நாலு பேருக்கு உதவ வேண்டாமா?

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உனக்கு நீண்ட ஆயுளும், கரகரப்பில்லாத குடும்பமும் அமையட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. இந்தக் கடிதத்தை ஒட்டித் தபால்ல போடச் சொல்லி என்கிட்டதான் கொடுத்தார். ஹாரனுக்கு ஒண்ணுமே ஆகலை. எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி ஸ்பீக்கர் ஒயரையெல்லாம் ஆம்ப்ளிஃபயர்லேருந்து கழட்டி, பழையபடி ஸ்டீரியோவுலயே மாட்டிட்டேன். ஆம்ப்ளிஃபயர்ல இப்போ விளக்கு மட்டும் எரியுது. இவர் திருப்பற திருகுக்கும் பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீ வந்தா டிக்கிப் பக்கமே போகாதே. கல்யாணம் ஆன நாள்லேருந்து ஜன்னல் திரை நிறம் வரைக்கும் இவர் ஒருத்தரே முடிவு பண்ணுவார். இப்போ தினமும் காலையில டிக்கிகிட்ட நின்னுக்கிட்டு "இப்போ எப்படி இருக்கு, நீ சொல்லு"ன்னு கேட்டுட்டு, நான் சொல்றவரைக்கும் அசையாம நிக்கறார். எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு. எதிர்வீட்டு அம்மாவைப் பத்திக் கவலைப்படாதே, அவங்களுக்கும் எலக்ட்ரீஷியன் நம்பரைக் கொடுத்துட்டேன்.