சுழி ஐயாவின் சுத்தமான டிஸ்க்

டயர் கடைக்கு மேலே இருந்த கூடத்தில் கூட்டம் படிக்கட்டு வரை வழிந்தது. சிலர் கையில் லேப்டாப். ஒருவர் கணினிப் பெட்டியைப் போர்வையில் சுற்றி, காய்ச்சல் கண்ட குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார்.

"கொஞ்சம் வழி விடுங்க, உள்ள ஆவி இருக்கு" என்று அவர் மனைவி முன்னால் குரல் கொடுத்துக்கொண்டே போனாள். எல்லாரும் மரியாதையாக ஒதுங்கினார்கள். உயிரோடிருப்பவர்களுக்கு அந்தப் படிக்கட்டில் இப்படி யாரும் ஒதுங்கி நான் பார்த்ததில்லை.

மேலே வீற்றிருந்தவர் சுழி ஐயா. தலைச்சுழி பார்த்துப் பலன் சொல்பவர்களை நமக்குத் தெரியும். இவர் காலத்துக்கேற்ப முன்னேறியவர். படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறக்கிறோம். திரையில் அந்த ஜன்னல் வெளுத்துப்போகிறது. எதுவும் நகரவில்லை. ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த வட்டத்தைப் பார்த்து இவர் பலன் சொல்வார். உள்ளே சிக்கியிருப்பது ஆணா பெண்ணா, கோபத்தில் இருக்கிறதா ஏக்கத்தில் இருக்கிறதா, எல்லாம் வட்டம் சுற்றுகிற சுற்றில் தெரியுமாம். எல்லாரும் கண்ணாரப் பார்க்கட்டும் என்று சுவரில் பெரிய டிவி ஒன்றையும் மாட்டி, தன் லேப்டாப்போடு இணைத்திருந்தார்.

பலன் எப்போதும் ஒன்றுதான். "இந்தப் படத்துல இருக்கிற யாரோ ஒருத்தர் இறந்துட்டாங்க. அவங்க உள்ள மாட்டிக்கிட்டாங்க." கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். யார் வீட்டு ஆல்பத்தில்தான் இறந்தவர் இல்லை?

பரிகாரமும் ஒன்றுதான். ஆவி ஒட்டிய டிஸ்க்கை அவரவர் கையாலேயே கழற்றிக் கறுப்புத் துணியில் கட்டி ஐயாவிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவர் சுத்தம் செய்து, கணினி ஓடத் தேவையானதை மட்டும் ஏற்றிய டிஸ்க் ஒன்றைத் தருவார். துணிக்குத் தனி விலை, டிஸ்க்குக்குத் தனி விலை. வீட்டுக்குப் போய் மாட்டினால் கணினி பறந்தது. "பாத்தீங்களா, என்ன வேகம்!" என்று பூரித்தார்கள். காலி டிஸ்க்கில் எது போய் நிற்கும்? குழந்தையின் முதல் நடை, மகளின் திருமணம், அப்பாவின் கடைசிப் பிறந்தநாள் எல்லாம் துணிமூட்டையில் போய்விட்டன. வேகம் மட்டும் மிஞ்சியது.

இந்த ஐயாவிடம் போய் மாட்டிக்கொண்டார் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா. புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவர் தொழில். அடுத்தவர் எழுத்தில் ஓர் ஒற்றுப்பிழையைக்கூட விடமாட்டார். அவர் கணவர் மாரடைப்பில் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த மனிதருக்கு எதற்கெடுத்தாலும் செல்போனைத் தூக்கிப் படம்பிடிக்கிற பழக்கம். அக்கா வேலைக்கு நடுவே மேஜையில் தலைசாய்த்துத் தூங்கினால், கிரிக்கெட் வர்ணனை மாதிரி, "இதோ, ஆட்டக்காரர் குறட்டை விடத் தயாராகிறார்" என்று கிசுகிசுத்துக்கொண்டே பதிவு செய்வார். அந்தக் குரல் இப்போது ஒரே ஒரு ஃபோல்டரில்தான் இருந்தது. நகல் எடுத்து வைக்கவில்லை. நாம் யார்தான் எடுத்து வைக்கிறோம்?

அந்த ஃபோல்டரைத் திறந்தால் கணினி உறைந்து நின்றது. அக்கா பெட்டியோடு மாடிக்குப் போனார்.

"உங்க வீட்டுக்காரர் உள்ள மூச்சுத் திணறித் தவிக்கிறாரும்மா" என்றார் சுழி ஐயா. "ஞாயித்துக்கிழமை டிஸ்க்கைக் கொடுத்து அவரை அனுப்பி வைங்க. உங்க ஆசைக்காக அவரைப் பிடிச்சு வச்சிருக்கிறது பாவம்."

அக்கா அழுதுகொண்டே வீடு திரும்பினார். கொடுத்துவிடுவது என்று முடிவும் செய்துவிட்டார். கணவரின் தங்கைக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போன் செய்தார். நல்லவேளை.

நாத்தனார் உணவுச் சோதனை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எங்காவது விடுதியில் பிள்ளைகள் வாந்தி எடுத்தால், யார் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று விசாரித்து, கெட்டுப்போன பண்டத்தைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏன் அண்ணி, உயிரோட இருந்தப்ப எங்கண்ணன் ஒரு நாற்காலியில பத்து நிமிஷம் உக்காந்திருப்பாரா? இப்ப மட்டும் இந்தப் பெட்டிக்குள்ள வந்து உக்காந்துட்டாராக்கும்!"

"நீ கிண்டல் பண்ணாத. மத்ததெல்லாம் நல்லாத் திறக்குது. அவரு இருக்கிற ஃபோல்டர் மட்டும்தான் நிக்குது. அதுக்கு என்ன சொல்ற?"

"அது நல்ல கேள்வி. பதிலைத் தேடாம எதுக்கு அண்ணி பயந்துக்கிட்டு ஓடுனீங்க?"

ஃபோல்டரைத் திறந்ததும், உள்ளே இருக்கிற ஒவ்வொன்றையும் கணினி எட்டிப் பார்த்துச் சின்னப் படமாக்கிக் காட்டும். 'ப்ரிவியூ' என்கிற அந்த முன்னோட்டத்தை முதலில் நிறுத்தினாள். ஃபோல்டர் சட்டென்று திறந்தது. அக்கா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"அப்ப எட்டிப் பாக்கிறப்பதான் எதுலயோ தடுக்கி விழுது" என்றாள் நாத்தனார். முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்தாள். பிறகு முன்னோட்டத்தைத் திரும்பவும் போட்டுவிட்டு, பாதிக் கோப்புகளை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாள். எந்தப் பாதி உறைகிறதோ அதை மறுபடி பாதியாக்கினாள். பிரிக்கப் பிரிக்கக் கடைசியில் ஒரே ஒரு கோப்பு நின்றது.

வாஷிங் மெஷினின் தண்ணீர்க் குழாயைச் சுத்தம் செய்வது எப்படி என்று விளக்கும் வீடியோ! அண்ணன் இணையத்திலிருந்து இறக்கும்போது பாதியிலேயே அறுந்துபோயிருக்கிறது. அந்த அரைகுறையைப் படமாக்கத் தெரியாமல் கணினி திருதிருவென விழித்திருக்கிறது. அதை வெளியே எடுத்ததும் மற்றவை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. "இதோ, ஆட்டக்காரர் குறட்டை விடத் தயாராகிறார்" என்றது குரல். இரண்டு பெண்களும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் அழுதார்கள்.

"இதை என் கையாலயே கழட்டிக் குடுக்க இருந்தேனே" என்றார் அக்கா.

"எங்கண்ணனை ரெண்டாவது தடவை சாகடிக்கப் பாத்திருக்கான். அவனை நான் பாக்கணும்" என்றாள் நாத்தனார்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. நாத்தனார் ஒரு பென் டிரைவை நீட்டினாள். "இதுக்குள்ள யார் இருக்காங்கன்னு பாத்துச் சொல்லுங்க ஐயா." வேறொன்றும் சொல்லவில்லை.

பக்கத்தில் கண்கலங்கி நின்ற அக்காவை ஐயா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். பென் டிரைவைத் தன் லேப்டாப்பில் செருகினார். ஜன்னல் வெளுத்தது. டிவியில் வட்டம் சுற்றியது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"ஆண்" என்றார். "நெஞ்சு வலி. பொண்டாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிடுறாரு. என்னை விட்டுடு, விட்டுடுன்னு கெஞ்சுறாரு."

முன்வரிசையில் இருந்த போட்டோ ஸ்டூடியோக்காரர் தேம்பினார். போன மாதம்தான் ஊரார் வீட்டுக் கல்யாணப் படங்களை எல்லாம் துணியில் கட்டிக் கொடுத்த பக்தர் அவர்.

"இதுக்குள்ள ஒரே ஒரு கோப்புதாங்க இருக்கு. வாஷிங் மெஷின் குழாயைச் சுத்தம் பண்ற வீடியோ, அதுவும் பாதி" என்றாள் நாத்தனார். "எங்கண்ணன் வீடியோ எல்லாம் வீட்டுல ஜம்முனு ஓடுது. காலையிலகூடப் பாத்துட்டுத்தான் வர்றோம்."

கூடத்தில் சலசலப்பு. ஐயா அசரவில்லை. "அந்த வாஷிங் மெஷினை வச்சிருந்தவர் இறந்திருப்பாரும்மா."

"அப்படியா? அப்ப அந்த ஆவி இப்ப உங்க லேப்டாப்ல ஒட்டிக்கிச்சு. நீங்க போட்ட விதிதான், உங்க டிஸ்க்கைக் கழட்டிக் குடுத்துடுங்க. துணி நான் கொண்டாந்திருக்கேன்."

இது நியாயமாகப் பட்டது ஸ்டூடியோக்காரருக்கு. ஐயாவுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்ற பதற்றம் வேறு. பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஓடினார். "நகருங்க ஐயா! முத்திப்போறதுக்குள்ள நானே கழட்டிடுறேன்!"

"யோவ், தொடாத! எல்லாருடைய கணக்கும் அதுலதான்யா இருக்கு! ஆவியாவது மண்ணாவது, வெறும் ப்ரிவியூய்யா!"

சொல்லிக்கொண்டே ஐயா உறைந்த ஜன்னலை மூடினார். செட்டிங்ஸுக்குள் போனார். முன்னோட்டத்தை நிறுத்தினார். ஃபோல்டர் பளிச்சென்று திறந்தது. உள்ளே ஒற்றைக் கோப்பு. நடந்தது அத்தனையையும் பெரிய டிவி எல்லாருக்கும் காட்டியது.

ஸ்டூடியோக்காரர் கையில் ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது.

"உங்களுக்குத் தெரியும்" என்றார் மெல்ல. "அன்னிக்கே தெரியும். நான் குடுத்த டிஸ்க் எங்க?"

ஐயா கதவைப் பார்த்தார். எங்கே போயிருக்கும்? துடைத்து அழித்து, 'சுத்தமான டிஸ்க்' என்று வரிசையில் அடுத்து நின்றவருக்கே விற்றாயிற்று. ஒருவர் துயரம் அடுத்தவருக்குச் சரக்கு. அதன் பிறகு நாற்காலிகள் பறந்ததையும், அந்த ஆள் டயர்களின் மேல் விழுந்தடித்து ஓடியதையும் நான் விவரிக்கப்போவதில்லை. அழிந்த படங்கள் அதனால் திரும்பி வரவில்லை.

வேடிக்கை அதற்கப்புறம்தான். போர்வையில் சுற்றிய பெட்டியோடு வந்தவர் நேராக நாத்தனார் காலில் விழுந்தார். "தாயே, நீங்கதான் சக்தி உள்ளவங்க. இனிமே ஞாயித்துக்கிழமை தோறும் நீங்களே வந்து சுழி பாருங்க." பின்னால் இன்னும் சிலர் குனியத் தயாரானார்கள். காலியான நாற்காலியை ஒருத்தி தன் முந்தானையால் துடைக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

நாத்தனார் இரண்டடி பின்வாங்கினாள்.

"எந்திரிங்கய்யா! பாதி பாதியாப் பிரிச்சுப் பாத்தேன், அவ்ளோதான். என் கால்ல ஒண்ணுமில்ல. தரையில முட்டிக்கிட்டிருக்கீங்களே, அந்தத் தலைக்குள்ள இருக்கிறதை ஒரு தடவையாவது திறந்து பாருங்க."