ஆன்டி ஆக்சிடென்ட்

பழத்தைப் பழமாகத் தின்னத் தெரியாத ஒரு ரகம் நம்மிடையே பெருகி வருகிறது. இவர்கள் கொய்யாவைக் கடிப்பதில்லை. அதற்குப் பொழிப்புரை சொல்கிறார்கள். கச்சிராயபாளையத்துத் தமிழழகனைப் பாருங்கள். கரும்பு போட்டுப் பிழைக்கிற மனிதர்தான். ஆனால் காலையில் வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்து, பகலில் அதை டீக்கடையில் பரப்பி, மாலையில் நாவல்பழம் விற்கிற அம்மாவிடமே நாவலின் மகிமையை அரைமணி நேரம் விளக்கி, நாக்கு ஊதாவாக வீடு திரும்பினால்தான் அவருக்கு அன்றைய சோறு இறங்கும்.

"எல்லாப் பழத்துலயும் ஆன்டி ஆக்ஸிடன்ட் கீது. மாத்திர எதுக்கு?" இதுதான் அவருடைய மந்திரம். அப்படியென்றால் என்னவென்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "ஒடம்புல துரு புடிக்கும். பழம் அத்த தேச்சி எடுத்துடும்" என்பார். அது உடம்பா, மண்வெட்டியா?

அவர் மனைவி மலர்விழியின் தம்பி பாவாடை, மலைக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். சர்க்கரை நோய்க்காரன். மாமா சொன்னது அவன் காதில் 'ஆன்டி ஆக்சிடென்ட்' என்று விழுந்தது. கல்வராயன் மலை வளைவுகளில் தினமும் ஏறி இறங்குகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? விபத்தே வராதாமே! மாத்திரையை நிறுத்தினான். மலைப் பலாவை வளைவுக்கு ஒரு சுளையாக வாயில் போட்டுக்கொண்டு ஓட்டினான். ஒருநாள் இறக்கத்தில் கண் இருட்டி, வண்டி பாறையில் முட்டி நின்றது. மறுபக்கம் போயிருந்தால் பள்ளம்.

தமிழழகன் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பதறித்தான் ஓடினார், பொய் சொல்லக் கூடாது. கையில் மட்டும் இரண்டு கிலோ மாதுளை.

"இன்னா மாமா, ஆக்சிடென்ட் வராதுன்னு சொன்னீங்களே?" என்று கட்டிலில் கிடந்த பாவாடை ஈனக் குரலில் கேட்டான்.

"நான் எப்ப மச்சான் அப்பிடி சொன்னேன்? நீ பலாவ ஜாஸ்தி துன்னுட்ட. கொஞ்சம் கம்மியா..."

மலர்விழிக்கு வந்ததே கோபம்! "எந்தம்பி செத்திருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க? ஊருக்குத்தான் மாத்திர வாணாம். நீங்க மட்டும் தெனம் கதவ சாத்திக்கினு சக்கர மாத்திர முழுங்குறீங்களே, அது இன்னாது?"

வார்டே திரும்பிப் பார்த்தது. தமிழழகன் மாதுளைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அது... பழத்துக்குத் துணைக்கு."

அவள் மாதுளைப் பையைப் பிடுங்கிப் பக்கத்துக் கட்டில்காரரிடம் கொடுத்துவிட்டுத் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். தமிழழகன் மெல்ல நகர்ந்து அந்தப் பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். "தோலத் தூக்கிப் போட்றாதீங்க. சத்தே அதுலதான் கீது."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் பாவாடை பலாச்சுளை தின்றதைப் படித்தபோது, 'அடப்பாவி, பலாவையா தின்பது? நாவல் கொட்டையைப் பொடித்தல்லவா தின்றிருக்க வேண்டும்!' என்று உங்கள் வாய் முணுமுணுத்ததோ? அப்படியானால் ஒரு காரியம் செய்யுங்கள். முதலில் உங்கள் மச்சானிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கி வைத்துவிடுங்கள்.