நிற்காத தண்ணீர்

திரையில் செம்பு மறுபடியும் ஒழுகியது.

“பிள்ளை, நாலு மணிக்குள்ள தண்ணி நிக்கவேணும்,” என்றார் கணபதி. வவுனியாவில் இருந்த அந்தக் கணினி நிலையம் அவருடையது. “இல்லாட்டி இதை அழிச்சுப்போட்டு டைப்பிங் பாடம் ஏத்துவன்.”

“நிக்கும் சேர். கொஞ்சம் பொறுங்கோ.”

அருந்ததி அங்கே படிப்பிப்பவள். ஆறு மாதமாக, வகுப்புகள் முடிந்த பிறகு, கணினிக்குள் தண்ணீர் செய்துகொண்டிருந்தாள். தண்ணீர் என்றால் ஆயிரம் சிறு உருண்டைகள். நெருங்கினால் ஒன்றையொன்று தள்ளும், விலகினால் இழுக்கும். அவற்றின் மேல் முக்கோணங்களால் ஒரு வலை பின்னித் தோலாகப் போர்த்த வேண்டும். அப்போது தண்ணீர் மினுங்கும்.

செம்பு மட்டும் உண்மையானது. நிலையத்தைக் கூட்டும் பேச்சியம்மா, கேட்டதும் எங்கிருந்தோ கொண்டுவந்து தந்த செம்பு. அதன் வாயில் நூலால் கட்டம் கட்டி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஈர்க்கை முட்டும் வரை விட்டு ஆழம் அளந்து, நானூறு எண்களைக் கணினியில் தட்டியிருந்தாள். ஒரு கட்டத்தில் மட்டும் ஈர்க்கு கொஞ்சம் கூடுதலாக இறங்கியது; அந்த எண்ணையும் அப்படியே போட்டிருந்தாள். தண்ணீர் ஊற்றிப் பார்க்க மட்டும் வழியில்லை. ‘கணினி அறைக்குள் தண்ணீர் கொண்டுவரக் கூடாது’ என்று கணபதி சுவரில் ஒட்டியிருந்தார்.

“செம்புச் சுவர் உருண்டையளைத் தள்ளுறது காணாது போல,” என்று அருந்ததி தள்ளும் விசையைப் பத்து மடங்காக்கினாள்.

உருண்டைகள் பொரி வெடிப்பது போல வெடித்துப் பறந்தன.

“எங்கை தண்ணி?”

“மேல போயிட்டுது சேர்.”

“நல்லது. இனி மழையாத்தான் வரும்.”

அவள் இழுக்கும் விசையைக் கூட்டினாள். ஆயிரம் உருண்டைகளும் ஒரே கட்டியாகிச் செம்பின் நடுவில் குந்தின.

“நிக்குது சேர்!”

“இது தண்ணியே? இது களி.”

மணி மூன்று ஐம்பது. அருந்ததி பழைய எண்களையே திரும்பப் போட்டாள். தோல் போர்த்தினால் ஒழுகல் மறைந்துவிடும் என்பது கடைசி நம்பிக்கை.

மறையவில்லை. செம்புக்குள் தண்ணீர் மெல்லச் சரிந்து வெளிச்சத்தை வாங்கியது. அடியில் அந்தத் தோல் மெல்லிய கழுத்தாக நீண்டு, நுனியில் உருண்டு, அறுந்து விழுந்தது. அறுந்த இடம் தானே மூடிக்கொண்டது. துளி என்ற சொல்லை அவள் தன் நிரலில் எங்குமே எழுதியிருக்கவில்லை. தள்ளுவதையும் இழுப்பதையும் மட்டும்தான் எழுதியிருந்தாள். எண்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?

இன்னொரு துளி. கணபதி தன் காலை மேசைக்கு அடியிலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டார், நனைந்துவிடும் என்பது போல.

சுவர்க் கடிகாரம் நாலு அடித்தது.

“வடிவுதான் பிள்ளை,” என்றார் அவர். “நான் இப்பிடி ஒண்டைக் கண்டதில்லை. ஆனா ஒழுகுதே. தண்ணிக்கு நிக்கத் தெரியேல்லை.” கை விசைப்பலகைக்குப் போனது.

“சேர், இன்னும் ஒரு நாள்...”

“செம்பைத் தாறீங்களா? ஐயர் கேக்குறாரு,” என்றபடி பேச்சியம்மா உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். கையிலிருந்த விளக்குமாறு நழுவி விழ, இரண்டு கையையும் கூப்பினாள்.

“ஏனம்மா கும்பிடுறீர்?” என்றார் கணபதி.

“பின்ன? சிவன் தலையில சொட்டுறதுக்குன்னே அடியில ஓட்டை போட்ட கோயில் செம்புங்க அது. உள்ளேயும் அப்பிடியே சொட்டுதே!”