சமன் வண்டியும் லொரேனின் நாற்பது ஏக்கரும்

நவம்பரில் முதல் பனி விழுந்த அன்று டுவேன் கார்ப்பெலா ஒரு முடிவுக்கு வந்தான். மனைவியிடம் கையெழுத்தைக் கேட்கக் கூடாது. வாங்கிவிட வேண்டும்.

கேட்பதற்கும் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்குத் தெரியாதா? கேட்டால், பதிலுக்கு அவளும் ஒன்று கேட்பாள்.

பனி மேல் பைக் மாதிரி ஓட்டுகிற பனிவண்டிக்கென்று அந்த ஊரில் ஒரு கிளப். அதன் பாதை நாற்பத்திரண்டு மைல். அதில் கிளப்புக்குச் சொந்தம் ஒரு முழம்கூடக் கிடையாது. எல்லாம் யாரோ ஒருவருடைய காடு, யாரோ ஒருவருடைய வயல். வருஷா வருஷம் பனி இறுகுவதற்கு முன்னால் கிளப் ஆட்கள் வீடு வீடாகப் போய், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அனுமதித் தாளில் கையெழுத்து வாங்கி வருவார்கள். ஒரே ஒருத்தர் மாட்டேன் என்றால் போதும், பாதை அந்த இடத்தோடு அறுந்தது. சமன் செய்த மைலுக்கு இவ்வளவு என்று மாநில அரசு தருகிற பணமும் கூடவே அறுந்தது. பணம் இல்லையென்றால் சமன் வண்டிக்கு டீசல் இல்லை.

அந்தச் சமன் வண்டியை ஓட்டுகிறவன்தான் நம் டுவேன். சக்கரத்துக்குப் பதில் பட்டை போட்ட பெரிய டிராக்டர். பின்னால் நீளமாக ஒரு இரும்புச் சட்டம். சனி, ஞாயிறு முழுக்கப் பனிவண்டிகள் ஓடிக் குண்டும் குழியுமாக்கிய பாதையை அது சீவி, நிரவி, அமுக்கி, இஸ்திரி போட்ட மேஜை விரிப்பு மாதிரி விட்டுப் போகும். குளிர் ஏறினால்தான் பனி இறுகும், அதனால் ராத்திரி வேலை. சம்பளம் கிடையாது, பெருமை மட்டும்தான். பதினோரு குளிர்காலமாக அந்தப் பெருமையில் வேறு யாரும் விரல் வைக்காமல் டுவேன் காத்து வந்தான்.

பாதை ஓடைப் பாலத்தைத் தொடுவதற்கு முன்னால் நாற்பது ஏக்கர் காட்டைக் கடக்க வேண்டும். அது லொரேனுக்கு அவள் அப்பா கொடுத்தது. இத்தனை வருஷமும் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே ஈரக் கையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள். இந்த வருஷம் மட்டும், "போடறதுக்கு முன்னால கொஞ்சம் பேசணும்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

அந்தப் பேச்சே வேண்டாம் என்றிருந்தது டுவேனுக்கு. காரணம் இருந்தது.

பதினோரு வருஷமாக அவன் காலையில் வீட்டுக்குள் நுழைகிற விதமே தனி. வாசலிலேயே ஒரு முனகல். "விரல் இருக்கா பாரு லொரேன், எனக்குத் தெரியல." "காது ரெண்டும் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, தொடாத, உடைஞ்சிடும்." அவளும் பாவம் என்று சூப் கொடுத்துப் படுக்க வைப்பாள். அவன் பகல் முழுக்கத் தூங்குவான். விறகு பிளப்பது, கூரையில் ஏறிப் பனி தள்ளுவது எல்லாம் லொரேன்.

போன பிப்ரவரியில் அவன் சாப்பாட்டுப் பொட்டலத்தை மறந்துவிட்டுப் போனான். அவள் கார் எடுத்துப் போய், பாதை ரோட்டைக் கடக்கிற இடத்தில் காத்திருந்து, வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தாள். உள்ளே ஹீட்டர். மெத்தை சீட். ரேடியோவில் பாட்டு. காபி. நடுவில் டுவேன், பனியனோடு, நெற்றியில் வியர்வையோடு.

லொரேன் பொட்டலத்தைக் கொடுத்தாள், கதவைச் சாத்தினாள், வீட்டுக்குப் போனாள். ஒன்பது மாசமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வார்த்தைக்குத்தான் டுவேன் பயந்தான்.

ஆகவே திட்டம். நாய் லைசென்ஸ், வீட்டு இன்சூரன்ஸ், சர்ச்சுக்கு நன்கொடைக் கடிதம், இப்படி ஏழெட்டுத் தாளை அடுக்கி, நட்டநடுவில் அனுமதித் தாளைச் செருகிச் சமையல் மேஜையில் வைத்தான்.

"என்னய்யா இது, ஒரே நாள்ல இத்தனை தாளு?"

"வருஷக் கடைசி இல்லையா. நீ கையெழுத்து மட்டும் போடு. எல்லாம் நான் படிச்சாச்சு."

"நீ படிச்சியா? மருந்து பாட்டில்ல இருக்கறதையே நான்தான படிச்சுச் சொல்றேன்."

"கண்ணாடி மாத்திட்டேன்ல."

"எப்ப மாத்தின?"

"இப்ப என்ன, கையெழுத்துப் போடப் போறியா, கண்ணாடியப் பத்தி விசாரிக்கப் போறியா?"

"சரி சரி. நீ போயி ஒரு கட்டு விறகு கொண்டா. போட்டு வைக்கறேன்."

அவள் விறகு கேட்டதும் டுவேன் சீட்டியடித்துக்கொண்டு ஓடியதை அன்றுதான் அந்த வீட்டு நாயே முதன்முதலாகப் பார்த்திருக்கும். திரும்பி வந்தால் எல்லாத் தாளிலும் கையெழுத்து. அனுமதித் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இவ்வளவு சுலபமா என்று அவனுக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் மதுக்கடையின் பின்னறையில் கிளப் கூட்டம். லொரேனும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவள் வந்ததே இல்லை. சும்மா வந்திருப்பாள் என்று டுவேன் நினைத்துக்கொண்டான்.

தலைவர் மெர்ல் ஒவ்வொரு தாளாகப் படித்தார். வைனோ கிழவர் ஒரு நிபந்தனை எழுதியிருந்தார்: தன் கோழிக் கூண்டைத் தாண்டும்போது பனிவண்டிகள் நடை வேகத்தில்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் கோழி முட்டையிடுவதில்லை.

"கோழிகிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிடுங்க தலைவரே" என்று யாரோ சொல்ல, அறை சிரித்தது.

டுவேன் எழுந்தான். "சிரிக்காதீங்கப்பா. நிலம் அவரோடது. நிலத்துக்காரங்க என்ன எழுதினாலும் தலையாட்டணும். எதுத்துப் பேசினா பாதை போச்சு. பதினோரு வருஷமா வண்டி ஓட்டறவன் சொல்றேன்."

கைதட்டினார்கள். கடைசி வரிசையில் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

"அடுத்தது லொரேன் கார்ப்பெலா, பாலத்துப் பக்கம் நாப்பது ஏக்கர்" என்று மெர்ல் தாளைப் புரட்டினார். "பின்பக்கம் நிபந்தனை இருக்கு."

"பின்பக்கமா?" என்றான் டுவேன்.

மெர்ல் படித்தார். "என் கணவர் இந்த கிளப்புக்காகப் படும் கஷ்டத்தைப் பதினோரு வருஷமாக அவர் வாயாலேயே கேட்டு வருகிறேன். அவருடைய விரல்கள், முதுகு, இரண்டு காதுகள் இவற்றின் நலனுக்காக, இனிமேல் என் நிலத்தைக் கடக்கும் சமன் வண்டியை அவர் ஓட்டக் கூடாது. நிலத்துக்குச் சொந்தக்காரியான நான் ஓட்டுவேன்."

எல்லாத் தலையும் டுவேன் பக்கம் திரும்பியது.

"டுவேன், அவ்வளவு கஷ்டமாய்யா அது?" மெர்ல் அக்கறையாகத்தான் கேட்டார்.

"கஷ்டம்னா... குளிர் இருக்குமில்ல..."

"அப்ப ரெஸ்ட் எடு" என்றாள் லொரேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"இல்ல இல்ல, பெரிய கஷ்டம்லாம் ஒண்ணுமில்ல. உள்ள கதகதன்னுதான் இருக்கும்."

"அப்ப நானே ஓட்டலாமே."

டுவேன் வாயைத் திறந்தான். கஷ்டம் என்றாலும் வண்டி போச்சு, சுகம் என்றாலும் போச்சு. "அவ நிலத்துல மட்டும் அவ ஓட்டட்டும். மத்ததுல நான்."

"நடுராத்திரி, மைனஸ் இருபதுல, வேலியோரமா ஆள் மாத்தறதா?" என்றார் மெர்ல். "நடக்கற காரியமா பேசு."

டுவேனிடம் கடைசியாக ஒரு வாதம் மிச்சம் இருந்தது. "புதுசா ஓட்டறவங்க இருபது மணி நேரம் பழகியிருக்கணும். கிளப் விதி. அவளுக்கு கியர் எங்க இருக்குன்னே தெரியாது."

மெர்ல் இருமினார். கூரையைப் பார்த்தார். "அது முடிஞ்சிடுச்சுப்பா."

"எப்ப?"

"மார்ச்சுல. பகல்ல நீ தூங்கிட்டு இருந்தப்ப. நான்தான் பழக்கினேன். நீ அனுப்பினதா லொரேன் சொல்லிச்சு, உன் முதுகு சரியில்லன்னு. உன்னை விட வளைவுல நல்லா திருப்புது, தப்பா எடுத்துக்காத."

வாக்கெடுப்பு அரை நிமிஷம். எல்லாக் கையும் உயர்ந்திருந்தது. சற்று முன்புதான் அத்தனை கம்பீரமாகப் பேசியவன் என்பதால் டுவேனின் கையும் பாதி வரைக்கும் போய் நின்றது.

கூட்டம் கலைந்தது. கார் நிறுத்துமிடத்தில் டுவேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். நிலத்துக்காரர்கள் முன்னால் நின்று பழகிய கை.

"லொரேன், ஓட்டறது நீயே ஓட்டு. பக்கத்து சீட்டுல நான் சும்மா உக்காந்து வரேனே. ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அவள் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னாள்: "இடமில்லையே டுவேன். அதுல மெர்லோட பொண்டாட்டி பழக வர்றா."