முப்பது ஜோடி ரத்தமும் ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டும்

யாருக்கும் புரியாமல் பேசுகிறவர்களுக்கு எந்த ஆபத்தும் வருவதில்லை. கைதட்டி, சால்வை போர்த்தி, காரில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். புரியும்படி பேசினால் என்ன நடக்கும் என்பதை 2005இல், தா.பழூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திருச்சியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஆய்வு எலும்பு செல்களைப் பற்றியது. எலும்பு உடம்பை நிமிர்த்தி வைக்கும் வெறும் கம்பு அல்ல. அதன் செல்கள் ரத்தத்தில் சில புரதங்களை விட்டு, உடம்பு சர்க்கரையைச் செலவழிக்கும் விதத்திலும் தலையிடுகின்றனவோ என்று எங்கள் துறையில் ஒரு சந்தேகம் இருந்தது. மரபணுக்களின் மேல் சில வேதிக்குறிகள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. குறி விழுந்த மரபணு பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடும். தாய் கர்ப்ப காலத்தில் பட்டினி கிடந்திருந்தால் பிள்ளைக்கு இந்தக் குறிகள் மாறுமா? இதுதான் என் கேள்வி. (சொந்தக்காரர்கள் இதை "எலும்புல என்னமோ படிக்குது" என்று சுருக்கியிருந்தார்கள். அரியலூர்ப் பக்கம் மண்ணைத் தோண்டினால் பழங்கால எலும்பு கிடைக்கும் என்பதால், என் சித்தப்பா எனக்காக ஒரு பெரிய கல்லை எடுத்துப் பத்திரப்படுத்தியும் வைத்திருந்தார். அது கல்தான்.)

முப்பது தாய்மாரின் ரத்தமும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் முப்பது பேரின் ரத்தமும் தேவைப்பட்டன. ஜோடியில் ஒருவர் இல்லையென்றால் மற்றவரின் ரத்தம் எனக்குப் பயன்படாது. ஆள் சேர்க்கும் பொறுப்பைச் சித்தப்பா ஏற்றுக்கொண்டார். அவருக்கு அந்தக் கிராமத்து ரேஷன் கடையில் வேலை. ஊரில் அவர் பேச்சை ஒருவரும் தட்டமாட்டார்கள். (மண்ணெண்ணெய் வாங்க மறுநாள் அவரிடம்தானே வர வேண்டும்.)

எங்கள் நெறிமுறைக் குழு ஒரு நிபந்தனை போட்டிருந்தது. என்ன ஆய்வு என்று நன்றாகப் புரிந்த பிறகுதான் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு அது நிபந்தனையாகவே தெரியவில்லை. எதையும் எளிமையாக விளக்கும் வரம் பெற்றவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வெள்ளை ரிப்பனும் ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டும் வாங்கிக்கொண்டேன். கண்ணாடி முன் நின்று நான்கு நாள் ஒத்திகை பார்த்தேன்.

அன்று காலை சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. முப்பது தாய்மார், முப்பது பிள்ளைகள். ரத்தம் எடுக்க என்னோடு வந்திருந்த லேப் டெக்னீசியன் ஜமீலா அக்கா ஊசிகளை அடுக்கிவிட்டு, "சுருக்கமா முடிச்சிருமா" என்றார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், அதிகம் பேசமாட்டார். அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

நான் ரிப்பனை நீளமாக விரித்து, இதுதான் மரபணு என்றேன். அதில் ஒரு பொட்டை ஒட்டி, இந்த இடம் இனி வேலை செய்யாது என்றேன். கூட்டம் எட்டிப் பார்த்தது. ஒரு பெண் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் மயங்கி, ஒத்திகைக்கு எழுதி வைத்திருந்த பேப்பரில் இல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"உங்கம்மா மாசமா இருந்தப்ப பட்டினி கெடந்திருந்தாங்கன்னா, அது உங்க ஒடம்புல பொட்டா விழுந்திருக்கும். சக்கரை வரதுக்கு அதுகூட காரணமா இருக்கலாம்."

இரண்டாம் வரிசையில் கோவிந்தராசு எழுந்தார். ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலை வேலைக்குப் போகிறவர். சர்க்கரை நோயாளி. லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். பக்கத்தில் இருந்த தாயார் அஞ்சலையைப் பார்த்தார்.

"அப்ப எனக்குச் சக்கரை வந்தது உன்னாலயா?"

அஞ்சலை அவசரப்படவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "பட்டினி கெடந்தேன்தான். யாரால கெடந்தேன்னு உங்க அத்தையக் கேளு" என்றார்.

அத்தை ராசாம்பாள் நான்காம் வரிசையில் தன் மகளோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் சோற்றுப்பானை அவர் பொறுப்பில் இருந்ததாம். அவர் அதை மறுத்து, தானும் பட்டினிதான் என்றார். உடனே அவர் மகள், "அப்ப எனக்கும் பொட்டு இருக்கா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு யார் யாரைக் கேட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. முழங்கால் வலி, நரை, பத்தாம் வகுப்பில் தவறிய கணக்குப் பாடம் எல்லாவற்றுக்கும் மகன்கள் தாய்மாரிடம் விளக்கம் கேட்டார்கள். தாய்மார் மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று பெயர் சொல்லிச் சொல்லிப் பதில் கொடுத்தார்கள். பெயர் சொல்லப்பட்டவர்களில் பாதிப் பேர் அதே கூடத்தில் இருந்தார்கள்.

இது இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்று நான் கத்தினேன். நிரூபிக்காமல் ஏன் சொன்னாய் என்று ஒருவர் கேட்டார். நான் ரிப்பனைச் சுருட்டத் தொடங்கினேன்.

மகன்களும் மகள்களும் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். முப்பது பேரும். சித்தப்பா பின்னாலேயே ஓடி, அடுத்த மாத மண்ணெண்ணெயைப் பற்றி ஞாபகப்படுத்தியும் ஒருவரும் திரும்பவில்லை.

தாய்மார் போகவில்லை. அஞ்சலை முதல் ஆளாக வந்து ஜமீலா அக்காவிடம் கையை நீட்டினார்.

"நான் பட்டினி கெடந்தது இதுல தெரியுமா?"

பையன் இல்லாமல் இந்த ரத்தம் பயன்படாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஜமீலா அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். குழாயில் அஞ்சலையின் பெயரை எழுதினேன்.

"முப்பது வருசமா சொல்றேன், ஒருத்தரும் நம்பல. எடுத்துக்கம்மா" என்றார் அஞ்சலை. அவருக்குப் பின்னால் இருபத்தொன்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

முப்பது குழாய்களோடு திருச்சிக்குத் திரும்பினேன். என் பேராசிரியர் எண்ணிப் பார்த்துவிட்டு, ஜோடி எங்கே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். என் ஆய்வு ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. அடுத்த முறை வேறு ஊர், வேறு ஆட்கள். விளக்குவதற்கு வேறு ஒருவரை அனுப்பினார்கள்.

அஞ்சலை மட்டும் விடவில்லை. ரிசல்ட் வந்துவிட்டதா என்று சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அந்த ஊர்ப் பக்கமே தலைகாட்டாமல் இருந்தேன். 2007இல் சித்தப்பா வீட்டு விசேஷத்தில் அஞ்சலையிடம் வசமாக மாட்டிக்கொண்டேன். வேறு வழியில்லாமல், ஒரு ஆளின் ரத்தத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, எங்களுக்குத் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

"எனக்குத்தான் தெரியுமே. உனக்குத் தெரிஞ்சுதான்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். எதிர் வரிசையில் இருந்த கோவிந்தராசு, தாயாரின் இலையில் அப்பளம் இல்லை என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மாணவர்களுக்கு என் விளக்கங்கள் புரிவதில்லை என்று ஒரு புகார் உண்டு. அதனால் வகுப்பில் இதுவரை ஒரு சண்டையும் வந்ததில்லை. சித்தப்பா வீட்டுக்குப் போனால்தான் பிரச்சினை. நான் எதையாவது விளக்கத் தொண்டையைக் கனைத்தால் போதும், அவர் எழுந்து வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்காருவார்.

"இப்பச் சொல்லுமா" என்பார். "ஒருத்தரும் வெளில போக முடியாது."