மிச்சச் சீட்டுகளையும் விரித்துக் காட்டவும்

யேசு மரி சூசை

எழுவைதீவு,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

கொழும்பு வெண்முகில் மெத்தைக் கம்பனி மனேச்சர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு எழுவைதீவு அந்தோனி யாகப்பு கைகூப்பி எழுதுவித்துக்கொள்வது.

வால்வெள்ளி திரும்பி வந்த இந்த வருஷத்தில், கடலில் மீன்பிடிக்கத் தடை விழுந்து எங்கள் வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் இந்த வருஷத்தில், எங்கள் கோயில் மணி வெடித்து யாழ்ப்பாணத்துக்கு உருக்கப் போயிருக்கும் இந்த வருஷத்தில்தான் தாங்கள் போட்டி வைத்தீர்கள். பிறகு வருஷத்தில் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்விடம் நானும் என் மனைவி அல்போன்சம்மாவும் ஆடுகள் நாலும் ஆண்டவர் கிருபையால் சுகம். தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் மெத்தைகளும் அவ்விடம் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது அல்போன்சம்மா, ஊர்காவற்றுறைக் கன்னியாஸ்திரிகளிடம் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். இதில் எழுத்து அழகாக இருந்தால் அது அவளுடையது, கோபம் இருந்தால் அது என்னுடையது.

முந்தின வால்வெள்ளி வந்தபோதுதான் என் தாய் என்னைப் பெற்றவள். ஆகவே எனக்கு எழுபத்தாறு வயது. இந்த முறை வால்வெள்ளியைப் பார்க்க ஊர் முழுக்கக் கடற்கரையில் அண்ணாந்து நின்றது. நான் பார்க்கவில்லை. நித்திரை. வாழ்நாளில் இரண்டு தரம் தலைக்கு மேல் வந்து போன ஒன்றை இரண்டு தரமும் பார்க்காமல் நித்திரை கொண்ட ஆள் இந்த இலங்கையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று தாங்களே விசாரித்துப் பார்க்கலாம்.

சீனி சுற்றி வந்த பேப்பரில் இருந்த தங்கள் விளம்பரத்தை அல்போன்சம்மாதான் எனக்கு வாசித்துக் காட்டினாள். அதற்குக் கனவு வேலை என்று தாங்கள் பெயர் வைத்திருந்தீர்கள். ஒரு வருஷம் நுவரெலியாவில் கம்பனியின் விடுதியில் தங்கி, கம்பனி மெத்தைகளில் படுத்து நித்திரை கொண்டு, எழும்பி, எப்படி இருந்தது என்று சொல்வதுதான் வேலை. சாப்பாடும் சம்பளமும் உண்டு. தகுதியானவர்களின் பெயர்களைச் சீட்டுக் குலுக்கி நேர்மையான முறையில் ஒருவரைத் தெரிவு செய்வோம் என்று இருந்தது. வாசித்து முடித்த அல்போன்சம்மா, “இஞ்சருங்கோ, உங்களைப்பற்றி ஆரோ கொழும்பிலை போய்ச் சொல்லிப்போட்டினம்” என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அதன் கீழே, நீங்கள் ஏன் நன்றாக நித்திரை கொள்கிறீர்கள் என்பதை ஐம்பது சொல்லுக்குள் எழுதி அனுப்பவும் என்று ஒரு வரி இருந்ததே, அதுதான் எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. நித்திரை கொள்கிறவன் எப்படி எழுதுவான்? எழுதிக்கொண்டிருக்கிறவன் நித்திரை கொள்ளவில்லை என்றுதானே அர்த்தம்? எவ்வளவு திறமாய் எழுதியிருக்கிறானோ அவ்வளவு நேரம் முழித்திருந்திருக்கிறான். மீன் விற்கிறவனிடம் மீனைக் காட்டு என்றுதானே கேட்பார்கள், மீனைப் பற்றி ஒரு பாட்டுப் பாடு என்றா கேட்பார்கள்?

இருந்தாலும் விதி விதிதான் என்று சொல்லி ஐம்பது சொல்லும் எழுதுவித்தேன். மாரிப் புயல் அடித்த வருஷம் கட்டியிருந்த வள்ளத்துக்குள் படுத்தவன், கயிறு அறுந்ததும் தெரியாமல், அனலைதீவுக் கரையில் போய் எழும்பினதும், அங்கே எனக்குச் சவப்பெட்டி அடிக்கப் பலகை அறுத்துக்கொண்டிருந்தவர்களிடம் தண்ணீர் கேட்டதும், அவர்கள் வாளைப் போட்டுவிட்டு ஓடினதும் அதில் வந்தது. அதோடு பங்குச் சுவாமியார் தன் கையால் எழுதித் தந்த நற்சான்றிதழையும் வைத்து அனுப்பினேன். ‘இவர் நான் இப்பங்குக்கு வந்த ஏழு வருடங்களாக எனது பிரசங்கத்தின்போது ஒரு ஞாயிறும் தவறாமல் உறங்கி வருபவர். ஆனால் ஆமென் சொல்லும் இடத்தில் சரியாக ஆமென் சொல்லுவார்’ என்று அதில் இருக்கிறது. சுவாமியார் பொய் எழுதமாட்டார்.

கடிதம் போன கையோடு ஊர் என்னை வழியனுப்பத் தொடங்கிவிட்டது, அது என் பிழையில்லை. ஒருவர் தகரப் பெட்டி தந்தார். ஒருவர் நுவரெலியாக் குளிருக்கு என்று, தன் மகன் கப்பலில் இருந்து கொண்டுவந்த கம்பளிச் சட்டை தந்தார், அதைப் போட்டுப் பார்த்த பொழுதே எனக்கு வேர்க்குரு போட்டுவிட்டது. நான் பெட்டியோடு ஒவ்வொரு நாளும் இறங்குதுறைக்குப் போய்த் தந்திக்குக் காத்திருந்தேன். ஊர்காவற்றுறையில் இருந்து மோட்டர் வள்ளம் ஓட்டி வருகிற சில்வெஸ்ரர் என்கிற பெடியன், வாய் கொஞ்சம் நீளம், வள்ளம் கரை சேர முன்னமே அங்கிருந்து கத்துவான்:

“கம்பனி! இண்டைக்கும் தந்தி இல்லை!”

“எட பொறுக்கி, நான் உன்ரை கொப்பனோடை வலை வளைச்சனான். மரியாதையாய்க் கூப்பிடு.”

“சரி, கம்பனியார்! இண்டைக்கும் தந்தி இல்லை!”

இப்படிப் பிடித்ததுதான், ஐயா. ஒரு மாதத்துக்குள் கடைக்காரன் கம்பனி என்கிறான், கோயிலில் சாம்பிராணி எரிக்கிறவன் கம்பனி என்கிறான், என் ஆடு வேலிக்குள் புகுந்தால் கம்பனியின்ரை ஆடு வந்திட்டுது என்கிறார்கள். தாங்கள் கொழும்பில் இருப்பதால் தங்களுக்கு இதன் பாரதூரம் விளங்காது. எங்கள் தீவில் ஒரு பட்டப்பெயர் பிடித்தால் அது மூன்று தலைமுறைக்கு விடாது. நண்டுக்கடி வீட்டார் என்று ஒரு குடும்பம் இருக்கிறது. நண்டு கடித்தது பூட்டனை. இன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளை யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறது, அதையும் நண்டுக்கடி வாத்தியார் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு ஒரே பேத்தி, மேரிஜோசப்பின். தாயில்லாப் பிள்ளை, நாங்கள் வளர்த்தது. அவளுக்கு அல்லைப்பிட்டியில் ஒரு நல்ல இடம் பேசிக்கொண்டிருக்கிறோம். மாப்பிள்ளை பகுதி இறங்குதுறையில் இறங்கி, பொம்பிளை எந்த வீடு என்று கேட்டு, சில்வெஸ்ரர் வாயைத் திறந்து, மெத்தையில் படுக்கிற வேலைக்குப் பெட்டி கட்டிக் காத்திருந்த கம்பனியின்ரை பேத்தி என்று சொன்னால் அந்தச் சம்பந்தம் வந்த வள்ளத்திலேயே திரும்பிப் போகும். எனக்கு நுவரெலியாவும் வேண்டாம், மெத்தையும் வேண்டாம். பழைய வலைக்குவியலில் படுத்தால் எனக்குப் போதும், அதைவிடத் திறமான படுக்கையைத் தாங்களும் செய்ததில்லை. எனக்கு வேண்டியது அந்தப் பிள்ளையின் சம்பந்தம் குழம்பாமல் இருப்பது. அதற்கு நான் தோற்றது நியாயமாய்த் தோற்றதா என்று ஊருக்குத் தெரியவேண்டும்.

இப்போது வெற்றி பெற்றவர் விஷயத்துக்கு வருகிறேன். படம் வந்த பேப்பர் கருவாடு சுற்றி எங்களிடம் வந்தது. பெயர் இருந்த இடம் எண்ணெயில் ஊறிவிட்டது, ஆனால் முகம் தெளிவு. தாங்கள் அவருக்குக் கைகொடுத்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஐயா, குறை நினைக்க வேண்டாம். அவருடைய கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புக் குழி. அது நித்திரை கொள்கிற மனுஷனின் கண் இல்லை, கணக்கு ஒத்துவராமல் முழித்திருக்கிறவனின் கண். அதோடு அவருடைய மூக்கும் தங்கள் மூக்கும் ஒரே மூக்கு. காதும் அப்படித்தான். நான் ஆயுசு முழுக்க முகம் பார்த்தே யார் எந்த வீட்டுப் பிள்ளையென்று சொல்லி வந்தவன். அவர் தங்களுக்குத் தம்பி முறையோ, மருமகன் முறையோ? அதை மட்டும் சொன்னால் போதும்.

சீட்டுக் குலுக்கினதாகப் பேப்பரில் போட்டிருக்கிறது. எங்கே வைத்துக் குலுக்கினீர்கள்? யார் பார்த்தது? எடுத்த கை யாருடைய கை? எங்கள் ஊரிலும் சீட்டு இருக்கிறது. கடலில் கம்பு நட்டு வலை கட்டுகிற இடங்கள் யார் யாருக்கு என்று வருஷா வருஷம் சீட்டுப் போட்டுத்தான் பிரிப்பது. பூசை முடிந்து கோயில் முற்றத்தில், எல்லாரும் பார்க்க, பனையோலைத் துண்டில் பெயர் எழுதி மண்முட்டிக்குள் போட்டு, அந்த வருஷம் முதல் நற்கருணை வாங்கிப் புதுநன்மை எடுத்த பிள்ளைகளில் ஆகச் சின்னதைக் கொண்டு எடுப்பிப்போம். எடுத்த பிறகு மிச்சச் சீட்டு அத்தனையையும் விரித்து உரத்து வாசிக்க வேண்டும். இந்தக் கடைசி விதி எப்படி வந்தது என்று கேளுங்கள். மலேரியாக் காய்ச்சலுக்கு முந்தின வருஷம், எல்லாரும் சீட்டுக்குக் காத்திருக்க, ஒரு கிடாய் வந்து முட்டிக்குள் தலையை விட்டு ஓலையைச் சப்பத் தொடங்கிவிட்டது. ஓடிப்போய் அதன் வாயில் இருந்து ஒரு சீட்டை இழுத்தால் அதில் கோயில் மூப்பரின் மருமகன் பெயர். இன்னொன்றை இழுத்தால் அதிலும் மருமகன். தொண்டையில் இருந்து மூன்றாவதையும் இழுத்தார்கள். அதிலும் மருமகன்தான். “இதென்ன மூப்பர்?” என்று சனம் கேட்டதற்கு மூப்பர் கொஞ்சமும் பதறவில்லை. “எல்லாத்திலையும் ஒரே பேர் கிடந்தால் ஆண்டவருக்குத் தெரிஞ்செடுக்கச் சுகமெல்லோ” என்றார். அவருடைய பெயரை இங்கே சொல்லமாட்டேன், பேரப்பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். அன்றில் இருந்து மிச்சச் சீட்டை விரிக்காமல் எங்கள் ஊரில் ஒருவரும் எழும்புவதில்லை. தாங்கள் விரித்தீர்களா? அல்லது கொழும்பில் ஆடு இல்லையா?

ஆகையால் நான் பணிவாய்க் கேட்பது இதுதான். மிச்சச் சீட்டுகளை எல்லாம் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு தாங்கள் இங்கே வரவேண்டும். கோயில் முற்றத்தில் விரிப்போம். என் பெயர் அதற்குள் இருந்தால் நான் தோற்றதை ஒப்புக்கொண்டு வாய் மூடுவேன். இல்லாவிட்டால் புதிதாய்க் குலுக்குவோம், முட்டி எங்களிடம் இருக்கிறது. வெற்றி பெற்ற அந்த ஐயாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவிட்டு ஊர் பார்க்கட்டும். வள்ளத்தில் வாந்தி வந்தால் வெட்கப்பட வேண்டாம், பிஷப் ஆண்டவரே எடுத்தவர். மீன் குழம்பும் ஒடியல் கூழும் அல்போன்சம்மா பார்த்துக்கொள்வாள். வர முடியாவிட்டால், யாகப்புவைத் தெரியாதது கம்பனிக்குத்தான் நட்டம் என்று ஒரு வரி எழுதி, கையெழுத்து வைத்து, அடுத்த தபாலிலேயே அனுப்பிவைக்கவும். அதைக் கோயில் கதவில் ஒட்டுவேன்.

தங்கள் தொழில் பெருகவும், தங்கள் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரவும், தங்கள் மெத்தையில் படுப்பவர்களுக்கெல்லாம் என்னுடைய நித்திரையில் பாதியாவது கிடைக்கவும் அந்தோனியாரை மன்றாடுகிறேன்.

இப்படிக்கு,
யாகப்பு (பெருவிரல் அடையாளம்)

பி.கு.: மேலே உள்ளது வெள்ளிக்கிழமை எழுதியது. முத்திரையும் ஒட்டியாயிற்று. இன்று ஞாயிறு. நேற்று மாப்பிள்ளை பகுதி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பப்பாவும் தாயும் இன்னும் இரண்டு பேரும். அந்தப் பெரியவர் இறங்குதுறையில் கால் வைத்ததும் சில்வெஸ்ரரிடம் ஒரு பழைய பட்டப்பெயரைச் சொல்லி, “தம்பி, அப்பிடி ஒருத்தன் முந்தி இஞ்சை இருந்தவன், அவன்ரை ஆக்களோ பொம்பிளை வீட்டுக்காரர்?” என்று கேட்டிருக்கிறார். உடனே மாப்பிள்ளையின் தாய், “என்ன மாமா, நீங்கள் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற அந்த ஆளோ? அந்த வீடெண்டால் இப்பவே திரும்புவம்” என்றாளாம்.

மனேச்சர் ஐயா, அந்தப் பட்டம் என்னுடையது. இருபது வயதில் கச்சதீவுப் பெருநாளுக்குப் போன வள்ளத்தில் நடந்த ஒரு சங்கதியால் வந்தது. சங்கதியையும் பெயரையும் எழுத அல்போன்சம்மா மறுத்துவிட்டாள், அது சரி. அந்த வள்ளத்தில் இருந்தவர்கள் மட்டும் கடலில் வைத்துக் கூப்பிடுவார்கள், கரையில் கூப்பிட இவள் விட்டதில்லை. அதனால் சில்வெஸ்ரருக்கு அது தெரியாது. அவன் வள்ளத்தைக் கட்டிக்கொண்டே, “அப்பிடி ஒரு பேரை நான் கேள்விப்படவே இல்லை அப்பு. நீங்கள் தேடி வந்தது கம்பனி வீடு, வாங்கோ” என்று கூட்டிவந்து விட்டான். நான் அவனைத் திட்டின திட்டுகளை எல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

பெரியவர் கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “உம்மை எங்கையோ கண்டமாதிரிக் கிடக்கு” என்றார். “பேப்பரிலை கண்டிருப்பியள். எனக்குக் கொழும்பிலை ஒரு கம்பனியோடை கடிதப் போக்குவரத்து இருக்கு” என்றேன். மாப்பிள்ளையின் தாயின் முகம் மலர்ந்தது. எழும்பிப் போகும்போது பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்து, காதுக்குள், அந்தக் காலத்து ராகம் பிசகாமல், அந்தப் பெயரைச் சொன்னார். அவருக்குத் தோள் இரண்டும் சிரிப்பில் குலுங்கியது. பிறகு திரும்பி, எல்லாருக்கும் கேட்க, “எங்கடை பெடியன் கம்பனி வீட்டிலைதான் கட்டுறான், இனிக் கதையில்லை” என்றார். ஐப்பசியில் கலியாணம்.

ஆகையால் தாங்கள் வரவேண்டாம், எதையும் விரிக்கவும் வேண்டாம். பதிலும் போடவேண்டாம், கம்பனிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அதில் எழுதினாலும் எழுதிவிடுவீர்கள். மூக்கு ஒத்த அந்த ஐயா நன்றாய் நித்திரை கொள்ளட்டும். ஒட்டின முத்திரை வீணாய்ப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இதை அனுப்புகிறேன். கச்சதீவுக்குப் போன அந்த வள்ளத்தில் நாங்கள் ஐந்து பேர். சவிரிமுத்து மலேரியாவில் போனான். சந்தியாப்பிள்ளையைப் புயல் வருஷம் கடல் கொண்டது. அதிரியான் போன தவக்காலத்தில் கட்டிலில் கிடந்து செத்தான். என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பது மாப்பிள்ளையின் அப்பப்பா, அல்லைப்பிட்டி வஸ்தியாம்பிள்ளை.