கடலூர் வெயிலும் எங்கள் கூடத்தில் கட்டிய பசுவும்

பேரிகை,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய பெருமாள் மாமாவுக்கு,

யுவஸ்ரீ வணக்கத்துடன் எழுதுவது. கடலூரில் நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள். வெயில் தணியப்போகிறது என்று இன்று காலை உங்கள் செய்தியிலேயே பார்த்தேன், மகிழ்ச்சி. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். நான்காவது ஜீவனின் சுகம் பற்றித்தான் இந்தக் கடிதம். நீங்கள் ஆரம்பித்த 'குடும்ப வானிலை' வாட்ஸப் குழுவில் போன மாதச் சண்டைக்குப் பிறகு உங்களைத் தவிர யாரும் பேச முடியாதபடி பூட்டிவிட்டீர்கள். போனில் கூப்பிட்டால் காற்றின் ஈரப்பதத்தில் ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் தபால்.

ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் அனுப்பியது இது: "கடலோர மாவட்டங்களில் இன்று முதல் மூன்று நாள் வெப்பம் நாற்பத்தொரு டிகிரி. கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும். கால்நடைகளைக் குளிர்ந்த இடத்தில் கட்டவும்." நீங்கள் முப்பது வருடம் பள்ளி ஆய்வகத்தில் வெப்பமானியைக் கையில் பிடித்தவர் என்பதால், உங்கள் செய்தியை அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் படிப்பார். அன்றும் படித்தார். படித்துவிட்டு, "கடல் காத்து லேட்டாம்" என்று கவலைப்பட்டார். "நம்ம ஊருக்குக் கடல் காத்து எப்பப்பா வந்துச்சு?" என்று கேட்டேன். "வந்துகினுதாம்மா இருந்திருக்கும். நமக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

அப்பாவின் வானிலைக் கணக்கு உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். ஓசூர், பேரிகைப் பக்கத்து வெயிலை யாரும் தனியாகச் சொல்வதில்லை என்பது அவருடைய நெடுநாள் வருத்தம். "தமிழ்நாட்டு டிவிக்காரன் நம்மளைக் கர்நாடகான்னு விட்டுர்றான், கர்நாடகாக்காரன் நம்மளைத் தமிழ்நாடுன்னு விட்டுர்றான், நாமளே போட்டாத்தான் உண்டு" என்பார். ஆகவே கடலூருக்கு நீங்கள் சொல்லும் டிகிரியையும் பெங்களூர் டிகிரியையும் கூட்டி, இரண்டால் வகுத்து, அதுதான் நம் ஊர் வெயில் என்று கேலண்டரில் எழுதி வைக்கிறார். பெங்களூர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, கடலூர் ஒரு நாள் பயணம், நடுவில் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "ரெண்டு பேருக்கும் மரியாதை குடுக்கணுமில்ல" என்பதுதான் பதில். அன்று பெங்களூருக்கு முப்பத்தேழு என்று தெரிந்தது. நாற்பத்தொன்றும் முப்பத்தேழும் எழுபத்தெட்டு, பாதி முப்பத்தொன்பது. முப்பத்தெட்டைத் தாண்டினால் தகரக் கொட்டகையில் சினைமாடு நிற்கக்கூடாது என்பது அப்பா வைத்திருக்கும் சட்டம்.

கௌரியை நீங்கள் பார்த்ததில்லை. அம்மா புட்டிப்பால் கொடுத்து வளர்த்த பசு. தாயில்லாமல் வந்தது. தலை ஈற்று. ஒன்பது மாதம் முடிந்துவிட்டது, இன்றோ நாளையோ என்று அம்மா ஒரு வாரமாக எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. தன் ஒன்றுவிட்ட தங்கை மகள் வளைகாப்புக்கே போகவில்லை. அப்படிப்பட்ட கௌரியை அப்பா ஞாயிறு மதியம் வீட்டுக் கூடத்துக்குள் ஓட்டி வந்தார். சோபா வாசலுக்குப் போனது. ஏர்கூலர் கௌரி பக்கம் திரும்பியது. அம்மா, "டைல்ஸு தரைங்க, கால் வழுக்கிக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா, "மச்சான் குளிர்ந்த எடம்னு எழுதியிருக்காரு, நம்ம வூட்டுல குளிர்ந்த எடம் இதான்" என்று கோணிப்பைகளை விரித்துக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டுத் திம்மராயன் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏமப்பா மாதேசு, மாட்டுக்கு சீரியல் போட்டுக் காட்டப் போறியா?" என்று கேட்டார். கௌரி டிவி பக்கம் போகவில்லை. சுவரில் தொங்கிய தினசரி கேலண்டரை எட்டிப் பிடித்து, அப்பாவின் கணக்குகளோடு மே மாதம் முழுவதையும் தின்றுவிட்டது.

திங்கட்கிழமை வெயில் வழக்கம்போல இருந்தது. காலையில் லேசாகக் குளிரவும் செய்தது. "வரும், லேட்டா வரும்" என்றார் அப்பா. செவ்வாய்க்கிழமை நான் மூக்கண்டப்பள்ளி கம்பெனியில் முதல் ஷிப்ட் முடித்து மூன்றரைக்கு வீட்டுக்கு வந்தபோது வானம் கறுத்துக் கிடந்தது. கூடத்தில் கௌரி படுத்திருந்தது. படுத்தது என்று சொல்லக்கூடாது. எழுந்திருக்கப் பார்த்து, கோணிப்பை விலகி, பின்னங்கால் இரண்டும் டைல்ஸில் பக்கத்துக்கு ஒன்றாகப் போய் விழுந்திருந்தது. வலி ஆரம்பித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு குளம்புதான் வெளியே தெரிந்தது. அம்மா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அழாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மாவை அப்படி நான் பார்த்ததில்லை. கௌரி நடுங்கியது. ஏர்கூலர் ஓடிக்கொண்டே இருப்பது அப்போதுதான் யாருக்கோ உறைத்தது. அப்பா ஓடிப்போய் அதை நிறுத்தவும், ஊரிலேயே கரண்ட் போகவும், கல் மழை கொட்டவும் சரியாக இருந்தது. எலுமிச்சம்பழம் அளவுக்கு இல்லை, கொட்டைப்பாக்கு அளவு. ஆனால் வாசலில் கிடந்த சோபாவில் அது விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அந்த நேரத்தில் அப்பாவின் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. உங்கள் செய்தி. "வெயில் உச்சத்தில் உள்ளது. பருத்தி ஆடை அணியவும்."

கால்நடை மருத்துவர் அனுப்ரியா மேடம் மழைக்கோட்டோடு வண்டியில் வந்து இறங்கினார். கூடத்துக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

"டைல்ஸ்ல கட்டச் சொன்னது யாருங்க?"

"எங்க மச்சான்ங்க" என்றார் அப்பா.

"அவரு டாக்டரா?"

"கடலூர்ல இருக்காருங்க."

மேடம் மழைக்கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டினார். கன்றின் ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கிக் கிடப்பதாகவும், அதை நிமிர்த்தாமல் இழுத்தால் இரண்டுமே தங்காது என்றும் சொல்லிவிட்டு, தோள் வரைக்கும் உறை போட்டுக் கையை உள்ளே விட்டார். நான் போன் விளக்கைப் பிடித்தேன். திம்மராயன் நனைந்துகொண்டே தன் வீட்டு வைக்கோலை எல்லாம் கொண்டுவந்து தரையில் கொட்டினார். இந்த முறை ஒரு கேலியும் இல்லை. "இப்ப மெதுவா இழுங்க. அது முக்கும்போது மட்டும்" என்றார் மேடம். அப்பாவும் திம்மராயனும் கயிற்றைப் பிடித்தார்கள். எத்தனை முறை இழுத்தார்கள் என்று தெரியாது. கன்று வந்து விழுந்தது, அசையவில்லை. மேடம் அதன் மூக்கை வழித்து, வைக்கோலால் மார்பைத் தேய்த்து, மூக்கில் ஒரு துரும்பை விட்டுக் குடைந்தார். தும்மியது. அந்தத் தும்மலுக்குத்தான் அம்மா அழுதாள்.

ஆனால் கௌரி எழவில்லை. இடுப்பு பிசகியிருந்தால் இனி எழவே எழாது என்று மேடம் அம்மாவைப் பார்க்காமல் சொன்னார். ஊசி போட்டார். ஐந்து மணி ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று. நாங்கள் நால்வரும் சுவரோரம் நின்றோம். அப்பா ஒரு முறை, "வெயிலடிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தார். அம்மா திரும்பிப் பார்த்தாள். அவர் வாசலுக்குப் போய் நனைந்த சோபாவில் உட்கார்ந்துகொண்டார். ஆறு மணிக்குக் கன்று தானாகத் தடுமாறி எழுந்து, திசை தெரியாமல் டிவி மேசையை முட்டி மடி தேடியது. அதைப் பார்த்துக் கௌரி ஒரு குரல் கொடுத்து, வைக்கோலில் முழங்காலை ஊன்றி, நின்றது.

பெண் கன்று. இரண்டும் இப்போது கொட்டகையில் நலம். அம்மா நேற்றிலிருந்து அப்பாவிடம் பேசுவதில்லை; சொல்ல வேண்டியதைக் கௌரியிடம் சொல்கிறாள். "கௌரி, சோறு ஆறுது, கணக்குப் புலியை வந்து துன்னச் சொல்லு" என்கிறாள். மாமா, பெரியவர் என்ற மரியாதை குறையாமல் ஒன்று கேட்கிறேன். இவ்வளவுக்கும் உங்கள் செய்திதான் காரணம். இனி எங்கள் வீட்டுக்கு வானிலை அனுப்பாதீர்கள். கடலோர வெயில் கடலோரத்திலேயே இருக்கட்டும். அத்தைக்கு என் அன்பு. சீம்பால் அனுப்ப வழியில்லை. அம்மா உங்கள் பெயரைச் சொல்லி ஒரு டம்ளர் எடுத்து வைத்து, பிறகு ஞாபகம் வந்து திம்மராயனுக்குக் கொடுத்துவிட்டாள். உங்கள் உடல்நலம் என்றும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கை மகள்,
யுவஸ்ரீ

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. இதை வியாழக்கிழமை, கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். பெங்களூருக்கு முப்பத்தேழு என்று சொன்னது நான். பெங்களூர் வெயில் கன்னடத்தில்தான் வருகிறது; அப்பாவுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை, "பெங்களூரு எவ்ளோன்னு போன்ல பாரும்மா" என்று கேட்டார். ஒரு நாவலின் முடிவுக்கு வந்திருந்தேன். போனை எடுக்கவே இல்லை. முந்நூற்று முப்பத்தேழாம் பக்கத்தில் இருந்தேன். வாய்க்கு வந்தது முப்பத்தேழு. உண்மையில் முப்பத்தொன்று, கூடவே இடி மழை எச்சரிக்கை. அதைச் சொல்லியிருந்தால் அப்பாவின் கணக்குப்படியே முப்பத்தாறு. கௌரி கொட்டகையை விட்டு அசைந்திருக்காது. ஆகவே உங்களைத் திட்டிய இடங்களிலெல்லாம் என் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்பாவுக்கு இது தெரியும். நேற்று மாலை ஞாயிற்றுக்கிழமைக் கன்னடப் பேப்பரைத் திம்மராயன் படித்துக் காட்டியிருக்கிறார். அப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இன்று காலை அம்மா கௌரியிடம் அவரைப் பற்றி ஏதோ கடுமையாகச் சொன்னபோது என்னால் தாங்க முடியாமல் "அம்மா" என்று ஆரம்பித்தேன். அப்பா சாணி வாளியோடு குறுக்கே வந்து, "உனுக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது, கௌம்பு" என்றார்.